பழைய மின்சார கிடாரில் சுருதி சேரவில்லையா?

தாராவி 90 அடி சாலைக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே ஒரு மாடி அறை. இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் மடியில் கிடாரை வைத்துக்கொண்டு வாட்டத்தோடு உட்கார்ந்திருக்கிறார். பகலில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவில் கிடார் வாசிப்பவர். கிறிஸ்துமஸ் கீத பவனிக்கு இன்னும் ஐந்து வாரங்களே இருக்கின்றன.

கிடார் புதியது அல்ல. போரிவிலியில் ஒருவரிடமிருந்து ஏழாயிரம் ரூபாய்க்கு வாங்கியது. தாயார் மாதாமாதம் கட்டி வந்த சீட்டை எடுத்துக் கொடுத்த பணம் அது. சிவப்பு வர்ணம், வெள்ளைத் தகடு, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. லோக்கல் ரயிலில் நெரிசலுக்கு நடுவே நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்து சேர்த்தார்.

மறு ஞாயிறே ஏமாற்றம் காத்திருந்தது. விரல் வைக்காமல் மீட்டினால் ஆறு கம்பிகளும் சுருதி சேர்ந்து ஒலிக்கின்றன. ஆனால் ஏழாவது கட்டைத் தாண்டி வாசித்தால், கீபோர்டு ஒரு சுருதியில் போகிறது, கிடார் வேறு சுருதியில் போகிறது. "தம்பி, நீ ஒரு பக்கம் போகிறாய், நாங்கள் ஒரு பக்கம் போகிறோம்" என்று குழுத் தலைவர் சொல்லிவிட்டார்.

ஒரு கடையில் காட்டினார். "கழுத்துக் கட்டையையே மாற்ற வேண்டும்" என்றார்கள். அதற்குச் சொன்ன தொகை, கிடாரின் விலையில் பாதிக்கு மேல். விற்றவரோ தொலைபேசியை எடுப்பதில்லை. மூவாயிரத்துக்காவது தள்ளிவிடலாம் என்று முடிவு கட்டிய நேரத்தில்தான் அதே சந்தில் வசிக்கும் பெரியவர் ஒருவர் மாடியேறி வந்தார். ரயில்வே பட்டறை ஒன்றில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1980-களில் தமிழ் மெல்லிசைக் குழுக்களில் கிடார் வாசித்தவர். "விற்பது இருக்கட்டும் தம்பி. நோய் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்ப்போம்" என்றார்.

பழைய கிடார் வாங்கும் பலருக்கும் இந்த அனுபவம் உண்டு. சுருதி சேராத கிடாரெல்லாம் கெட்டுப்போன கிடார் அல்ல. பெரும்பாலானவை ஒழுங்காகத் திருத்தி வைக்கப்படாதவை. திருகாணிகளைத் தக்க வரிசையில் திருத்தினால் சரியாகிவிடும். வரிசை தவறினால், நல்ல கிடாரும் பாழாகும்.

வீணையும் கிடாரும்

வீணையின் தண்டியில் 24 மெட்டுகள் மெழுகில் பதிக்கப்பட்டிருக்கின்றன. நாளாவட்டத்தில் ஸ்வரம் பிசகினால் மெழுகைப் புதுப்பித்து, மெட்டுகளைக் காதால் கேட்டுக் கேட்டு இடம் மாற்றி வைப்பார்கள். மேளம் கட்டுவது என்று அதற்குப் பெயர்.

கிடாரில் அது முடியாது. 'பிரெட்' எனப்படும் உலோகக் கட்டுகள் மரத்தில் அறைந்து பொருத்தப்பட்டவை. அவற்றின் இடம் கணக்கால் முடிவு செய்யப்படுகிறது. தலைப்பக்கம் கம்பிகள் தங்கியிருக்கும் வெள்ளைக் கட்டையிலிருந்து, அடிப்பக்கம் கம்பிகள் தங்கும் குதிரைவரை உள்ள நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் கட்டின் இடம் கிடைக்கும். மீதமுள்ள நீளத்தை மறுபடியும் அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது கட்டு. இப்படியே போனால், பன்னிரண்டாவது கட்டு கம்பியின் சரிபாதியில் வந்து நிற்கும்.

கணக்கு சரிதான். ஆனால் கணக்கு கம்பியைத்தான் பார்க்கிறது, விரலைப் பார்ப்பதில்லை. கட்டின்மேல் கம்பியை அழுத்தும்போது அது சிறிது இழுபடுகிறது. இழுபட்ட கம்பியின் சுருதி ஏறும். கம்பி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவுக்கு இழுப்பும் அதிகம். அந்த ஏற்றத்தை ஈடுகட்ட, ஒவ்வொரு கம்பியையும் கணக்குக்கு மேல் சிறிது நீளமாக விட வேண்டும். இதற்காகவே குதிரையில் ஒவ்வொரு கம்பிக்கும் முன்னும் பின்னும் நகரும் சிறு உலோகத் துண்டு வைத்திருக்கிறார்கள். 'சேடில்' என்று அதற்குப் பெயர். வீணையில் மெட்டை நகர்த்துகிறோம். கிடாரில் சேடிலை நகர்த்துகிறோம்.

மின்சார கிடார் சந்தைக்கு வந்த புதிதில் இந்த வசதி முழுமையாக இல்லை. 1950-களின் தொடக்கத்தில் வந்த டெலிகாஸ்டரில் ஆறு கம்பிகளுக்கு மூன்றே சேடில்கள். இரண்டு கம்பிகள் ஒன்றைப் பங்கிட்டுக்கொண்டன. ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று பிசகும். 1954-ல் வந்த ஸ்டிராட்டோகாஸ்டரில்தான் ஆறு கம்பிகளுக்கும் ஆறு சேடில்கள் தனித்தனியாக அமைந்தன. தாராவி இளைஞரின் கிடாரும் அதே அமைப்பைப் பார்த்துச் செய்யப்பட்ட ஒன்றுதான்.

இரண்டு நோய்கள்

பெரியவர் முதலில் திருப்புளியைத் தொடவில்லை. ஒரு கேள்வி கேட்டார்: "சுருதி நிற்கவில்லையா, இல்லை, சுருதி சேரவில்லையா?"

இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் வேறு வேறு நோய்கள். காலையில் சேர்த்த சுருதி நாலு பாட்டு வாசிப்பதற்குள் கலைந்துவிடுகிறது என்றால் அது நிற்காத சுருதி. பழைய கம்பி, சரியாகச் சுற்றாத கம்பி, தளர்ந்த சாவி, வெள்ளைக் கட்டையின் பள்ளத்தில் கம்பி சிக்கிக்கொள்வது ஆகியவை அதற்குக் காரணம். சாவியைத் திருகும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டு சுருதி சட்டென்று தாவினால், கம்பி பள்ளத்தில் சிக்குகிறது என்று தெரிந்துகொள்ளலாம். பென்சில் கரியைப் பள்ளத்தில் தடவினாலே பல சமயம் குணமாகிவிடும்.

வெறும் கம்பி சரியாக ஒலித்து, கட்டுகளில் அழுத்தும்போது மட்டும் பிசகினால் அது சேராத சுருதி. இதில் எந்த இடத்தில் பிசகுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் மூன்று கட்டுகளில் மட்டும் சுருதி ஏறினால் வெள்ளைக் கட்டையின் உயரத்தைச் சந்தேகிக்கலாம். மேலே போகப்போகப் பிசகு கூடினால் கம்பியின் உயரம் அல்லது சேடிலின் இடம். ஏதோ ஒரு கட்டில் மட்டும் பிசகினால் அந்தக் கட்டே தேய்ந்திருக்கலாம், அல்லது தூக்கிக்கொண்டிருக்கலாம்.

இளைஞரின் கிடாரில் பிசகு மேலே போகப்போகக் கூடியது.

முதலில் கம்பி

"இந்தக் கம்பியை எப்போது மாற்றினாய்?"

"வாங்கியதிலிருந்து இதுதான், அண்ணாச்சி."

விரலால் தடவியபோது கம்பியின் அடியில் துரு தட்டுப்பட்டது. கட்டுகளில் உராய்ந்த இடங்களில் பள்ளமும் விழுந்திருந்தது. கம்பி நெடுகிலும் ஒரே கனமாக இருந்தால்தான் கணக்குப்படி அதிரும். வியர்வையும் துருவும் ஏறிய கம்பி ஓரிடத்தில் கனமாகவும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு எந்தச் சேடிலை எங்கே நகர்த்தினாலும் பயன் இல்லை. கிடாரைப் பற்றி எந்த முடிவுக்கும் வருமுன் புதுக் கம்பி போட வேண்டும் என்பது முதல் விதி.

எந்தக் கனத்தில் கம்பி போடுவது என்பதையும் முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. முதல் கம்பி அங்குலத்தில் ஆயிரத்தில் 9 பங்கு அல்லது 10 பங்கு கனம் உள்ள கட்டுகளே அதிகம் விற்கின்றன. கனம் மாறினால் இழுவிசை மாறும். இழுவிசை மாறினால் கழுத்தின் வளைவு மாறும். பிறகு எல்லாவற்றையும் மறுபடி சரிசெய்ய வேண்டும்.

தோபி தலாவ் பக்கம் போய் 10 கனத்தில் ஒரு கட்டு கம்பி வாங்கிவந்தார் இளைஞர். புதுக் கம்பியைப் போட்டதும் கையால் மெல்ல இழுத்து இழுத்து விட்டு, மறுபடி சுருதி சேர்த்தார்கள். கம்பி இளகாமல் நிற்கும் வரை நாலைந்து முறை அப்படிச் செய்ய வேண்டியிருந்தது.

கழுத்தின் வளைவு

அடுத்தது கழுத்து. ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் இழுப்பில் மரக்கழுத்து முன்பக்கம் வளையப் பார்க்கும். அதை எதிர்த்து நிற்பதற்காகக் கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. 'டிரஸ் ராடு' என்று பெயர். அமெரிக்காவின் கிப்சன் நிறுவனத்தில் வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹியூ என்பவருக்கு 1923-ல் இதற்கான காப்புரிமை கிடைத்தது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் கிடார்களின் கழுத்து இந்த ஏற்பாட்டை நம்பித்தான் நிற்கிறது.

கழுத்து பலகைபோல் நேராக இருக்கவும் கூடாது. அதிரும் கம்பிக்கு நடுவில் சற்று இடம் வேண்டும். ஆகவே மிகச்சிறிய வளைவு தேவை. இதைப் பார்ப்பது எளிது. ஒரு கையால் கம்பியை முதல் கட்டில் அழுத்த வேண்டும். மறு கையால் கழுத்து உடலோடு சேரும் இடத்தில் உள்ள கட்டில் அழுத்த வேண்டும். இப்போது கம்பியே அளவுகோல் ஆகிவிடும். ஏழாவது, எட்டாவது கட்டுகளின் மேல் கம்பிக்கும் கட்டுக்கும் இடையே உள்ள சந்து கால் மில்லிமீட்டர் அளவில் இருந்தால் சரி. ஏறத்தாழ ஒரு விசிட்டிங் கார்டின் கனம்.

பெரியவர் பட்டறை நாட்களிலிருந்து வைத்திருந்த பீலர் கேஜை எடுத்து வந்து அளந்தார். சந்து 0.8 மில்லிமீட்டர். கழுத்து அளவுக்கு மீறி வளைந்திருந்தது. ஆனால் தலைப்பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தபோது முறுக்கம் இல்லை. இரண்டு ஓரங்களும் ஒரே சீராக வளைந்திருந்தன. "கழுத்தை மாற்ற வேண்டியதில்லை தம்பி. முறுக்கிக்கொண்ட கழுத்துதான் ஆபத்து. இது வெறும் வளைவு" என்றார்.

டிரஸ் ராடின் திருகை நேராகப் பார்த்தபடி, கடிகார முள் சுற்றும் திசையில் திருகினால் கழுத்து நிமிரும். எதிர்த்திசையில் திருகினால் வளைவு கூடும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் கூடாது. சரியான அளவுள்ள ஆலன் சாவி இருந்தால் மட்டுமே தொட வேண்டும். இறுகிப்போய் நகர மறுத்தால் பலத்தைக் காட்டக் கூடாது. திருகு முனை மழுங்கினாலோ, உள்ளே கம்பி அறுந்தாலோ கிடாரின் கதை முடிந்தது. அப்படி இறுகியிருந்தால் கைதேர்ந்தவரிடம் கொண்டுபோவதே புத்தி.

இங்கே கால் சுற்று, மறுபடி சுருதி, மறுபடி அளவு. பிறகு இன்னொரு கால் சுற்று. ஓர் இரவு அப்படியே வைத்துவிட்டு மறுநாள் அளந்தபோது சந்து 0.3 மில்லிமீட்டருக்கு வந்திருந்தது. மரம் உடனே இணங்குவதில்லை. அவசரப்படுகிறவர்கள்தான் கழுத்தை உடைக்கிறார்கள்.

கம்பியின் உயரம்

வளைந்த கழுத்தோடு கிடாரை வைத்திருந்த பழைய சொந்தக்காரர், நடுவில் கம்பி உரசாமலிருக்கச் சேடில்களை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார் என்பது அடுத்ததாகத் தெரிந்தது. பன்னிரண்டாவது கட்டின் மேல் தடித்த ஆறாவது கம்பி 3 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. இவ்வளவு உயரத்திலிருந்து அழுத்தினால் கம்பி நன்றாக இழுபடும். சுருதி ஏறாமல் என்ன செய்யும்?

சேடில்களில் உள்ள சின்னஞ்சிறு திருகாணிகளால் உயரத்தைக் குறைத்தார்கள். ஆறாவது கம்பிக்கு 2 மில்லிமீட்டர், முதல் கம்பிக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இதற்குக் கீழே போகலாம். ஆனால் ஓங்கி வாசிப்பவர்களுக்குக் கம்பி கட்டுகளில் பட்டு 'சர்ர்' என்று இரையும். ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு கட்டிலும் வாசித்துப் பார்த்து, இரைச்சல் இல்லாத உயரத்தில் நிறுத்துவதே முறை.

பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. கம்பி உயரமாக இருக்கிறது என்றதும் டிரஸ் ராடை முறுக்குவார்கள். டிரஸ் ராடு கழுத்தின் வளைவுக்கு. சேடில் கம்பியின் உயரத்துக்கு. ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் கேட்கக் கூடாது.

வெள்ளைக் கட்டை

மூன்றாவது கட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு முதல் கட்டின் மேலே பார்த்தால், கம்பிக்கும் கட்டுக்கும் இடையே மயிரிழை சந்து தெரிய வேண்டும். அதிகம் தெரிந்தால் பள்ளம் ஆழம் போதாது. முதல் கட்டுகளில் சுருதி ஏறும். சந்தே இல்லாமல் கம்பி கட்டில் உட்கார்ந்துவிட்டால் பள்ளம் அதிக ஆழம். விரல் வைக்காமல் மீட்டும்போதே இரையும்.

பள்ளத்தை ஆழமாக்குவதற்குக் கம்பியின் கனத்துக்கேற்ற அரங்கள் வேண்டும். ஒரே தள்ளில் அதிகம் அராவிவிட்டால் வெள்ளைக் கட்டையையே மாற்ற வேண்டும். வீட்டில் கையில் கிடைத்த அரத்தால் இந்த வேலையில் இறங்காமலிருப்பது நல்லது. தாராவி கிடாரில் வெள்ளைக் கட்டை சரியாகவே இருந்தது.

பிக்-அப் செய்யும் மாயம்

கம்பிகளுக்குக் கீழே இருக்கும் பிக்-அப் என்பது காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் சேர்ந்த ஒன்று. கம்பி அதிரும்போது சுருளில் மின்சாரம் உண்டாகிறது. சத்தம் கூடட்டும் என்று பிக்-அப்பைக் கம்பிக்கு மிக அருகில் உயர்த்திவிடுபவர்கள் உண்டு. ஸ்டிராட்டோகாஸ்டர் வகையில் காந்தம் நேராகக் கம்பியை இழுப்பதால் தடித்த கம்பிகளின் அதிர்வு கெடும். ஒரே கம்பியில் இரண்டு சுருதிகள் மோதுவதுபோல் அலையடிக்கும். டியூனரின் முள்ளும் ஓரிடத்தில் நிற்காது. இந்நிலையில் சேடிலை எத்தனை முறை நகர்த்தினாலும் தீராது. பிக்-அப்பின் இரு பக்கத் திருகாணிகளால் அதைச் சற்று இறக்கினால் போதும். இளைஞரின் கிடாரில் கழுத்துப்பக்க பிக்-அப்பை 2 மில்லிமீட்டர் இறக்கினார்கள்.

கடைசியாகத்தான் சேடில்

இவ்வளவும் முடிந்த பிறகுதான் பெரியவர் சேடில்களின் பக்கம் வந்தார். குனிந்து பார்த்தவர் சிரித்துவிட்டார்.

ஆறு சேடில்களும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் ஒரே வரிசையில் நின்றன!

"யாரோ அழகு பார்த்திருக்கிறார் தம்பி. கோணலாக இருக்கிறதே என்று நேராக்கி வைத்துவிட்டார். கோணலாக இருந்தால்தான் இது சரி."

அதுதான் நோயின் வேர். கனமான கம்பி அழுத்தும்போது அதிகம் பிசகும். அதற்கு அதிக நீளம் விட வேண்டும். ஆகவே முதல் கம்பியின் சேடில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும். இரண்டாவது சற்றுப் பின்னால், மூன்றாவது இன்னும் பின்னால். நான்காவது கம்பியில் வரிசை ஒரு தாவு தாவி மறுபடி முன்னே வரும். ஏனென்றால் மூன்றாவது கம்பி சுற்று இல்லாத வெறும் கம்பி. நான்காவது மெல்லிய உட்கம்பியின் மேல் சுற்றுக் கம்பி சுற்றப்பட்டது. சுருதி ஏறுவது உட்கம்பியின் கனத்தைப் பொறுத்தது. ஐந்தாவது, ஆறாவது கம்பிகளில் சேடில்கள் மறுபடி பின்னே போகும். நன்றாகத் திருத்தப்பட்ட கிடாரின் குதிரையைப் பார்த்தாலே இந்த இரண்டு படிக்கட்டுகள் தெரியும்.

சோதனை எளிது. பன்னிரண்டாவது கட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் விரல் நுனியால் தொட்டு மீட்டினால், மணியடித்ததுபோல் மேல் ஸ்தாயி ஸ்வரம் கேட்கும். இதை ஹார்மோனிக் என்பார்கள். பிறகு அதே கட்டில் கம்பியை அழுத்தி மீட்ட வேண்டும். இரண்டும் ஒரே சுருதியில் இருந்தால் சேடில் சரியான இடத்தில் இருக்கிறது. அழுத்திய ஸ்வரம் ஏறியிருந்தால் சேடிலைப் பின்னால் தள்ள வேண்டும். இறங்கியிருந்தால் முன்னால் கொண்டுவர வேண்டும்.

டியூனர்கள் இந்த வேறுபாட்டை 'சென்ட்' கணக்கில் காட்டுகின்றன. அடுத்தடுத்த இரண்டு ஸ்வரஸ்தானங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை நூறு பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு சென்ட். கைத்தொலைபேசியில் உள்ள டியூனரே இதற்குப் போதும். 64.8 சென்டிமீட்டர் நீளமுள்ள இவ்வகைக் கிடாரில் சேடிலை 1 மில்லிமீட்டர் நகர்த்தினால் வேறுபாடு ஏறத்தாழ 2.7 சென்ட் மாறும் என்று கணக்குச் சொல்கிறது.

முதல் நாள் பழைய நிலையில் ஆறாவது கம்பி 15 சென்ட் ஏறியிருந்தது. கழுத்தையும் உயரத்தையும் சரிசெய்ததிலேயே அது 11 சென்டுக்கு இறங்கிவிட்டது. சேடிலை 4 மில்லிமீட்டர் பின்னே தள்ளியதும் முள் நடுவில் வந்து நின்றது. மூன்றாவது கம்பிக்கு 3 மில்லிமீட்டர். முதல் கம்பியைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு தடவை நகர்த்திய பிறகும் வெறும் கம்பியை மறுபடி சுருதி சேர்த்து, கிடாரை வாசிக்கும் நிலையில் மடியில் நிறுத்திவைத்தே அளந்தார்கள். மல்லாக்கப் படுக்கவைத்து அளந்தால் கழுத்தின் எடை அளவை மாற்றிவிடும்.

சேடிலை முதலிலேயே நகர்த்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த நேரத்துக்குச் சரியாகியிருக்கும். பிறகு கழுத்தைத் திருத்தியதும் எல்லாம் மறுபடி பிசகியிருக்கும். கம்பி, கழுத்து, உயரம், வெள்ளைக் கட்டை, பிக்-அப், கடைசியில் சேடில். இந்த வரிசை மாறக் கூடாது.

விரலின் பிழை

இவ்வளவுக்குப் பிறகும் மூன்றாவது கட்டில் வாசித்தபோது சுருதி சற்றே ஏறியது. பெரியவர் வாங்கி வாசித்தார், ஏறவில்லை. மறுபடி இளைஞர் வாசித்தார், ஏறியது. பழைய உயரமான கம்பிகளோடு மல்லுக்கட்டிய பழக்கத்தில் அவர் கம்பியைக் கட்டை தொடும் அளவுக்கு அழுத்தினார்.

கம்பியை இழுத்து ஸ்வரத்தை ஏற்றுவது நம் சங்கீதத்துக்குப் புதிது அல்ல. வீணையில் கமகம் பிறப்பதே அப்படித்தான். மாண்டலின் சீனிவாஸ் (1969–2014) அசையாத கட்டுகள் கொண்ட மின்சார மாண்டலினில் கமகங்களை வாசித்துக் காட்டியதை உலகமே கேட்டது. ஆனால் அது வேண்டுமென்று செய்வது. வேண்டாத இடத்தில் ஏறினால் அது அபஸ்வரம். விரலைக் கட்டுக்கு நெருக்கமாக வைத்து, சத்தம் தெளிவாக வரும் அளவுக்கு மட்டும் அழுத்தப் பழக வேண்டும். இதற்குத் திருப்புளி உதவாது, சாதகம்தான் உதவும்.

தீராத ஒரு குறை

எல்லாம் சரியான பிறகும் கிடாரில் ஒரு குறை மிச்சமிருக்கும். அது நோய் அல்ல. தம்பூரா கேட்டுப் பழகிய காதுக்கு அந்தர காந்தாரம் எங்கே நிற்க வேண்டும் என்பது தெரியும். கிடாரில் அந்த காந்தாரம் ஏறத்தாழ 14 சென்ட் ஏறியே நிற்கிறது. எந்த ஸ்வரத்தை ஆதாரமாக வைத்தாலும் வாசிக்க வேண்டும் என்பதற்காகப் பன்னிரண்டு ஸ்வரங்களையும் சமமாகப் பிரித்த கணக்கின் விளைவு அது. கீபோர்டிலும் இதே கதைதான்.

இது தெரியாதவர்கள் ஒரு கார்டைப் பிடித்துக்கொண்டு அது இனிமையாகக் கேட்கும் வரை சாவியைத் திருகுவார்கள். அந்தக் கார்டு இனிக்கும். அடுத்த கார்டு கசக்கும். உடனே கிடாரில் குறை என்பார்கள். வெறும் கம்பிகளை டியூனரோடு சேர்த்துவிட்டு, ஒவ்வொரு கார்டும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதை ஏற்றுக்கொள்வதுதான் வழி.

வாங்குமுன் பத்து நிமிடம்

பழைய கிடார் வாங்கப் போகிறவர்கள் பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் பத்து நிமிடம் செலவிட்டால் போதும்.

தலைப்பக்கமிருந்து கழுத்தை நோக்க வேண்டும். ஓர் ஓரம் ஏறியும் மறு ஓரம் இறங்கியும் முறுக்கிக்கொண்டிருந்தால் வாங்க வேண்டாம்.

டிரஸ் ராடு நகர்கிறதா என்று விற்பவரையே சிறிது திருகிக் காட்டச் சொல்ல வேண்டும். மறுத்தாலோ, திருகு முனை மழுங்கியிருந்தாலோ யோசிக்க வேண்டும்.

ஆறு கம்பிகளையும் எல்லாக் கட்டுகளிலும் ஒவ்வொன்றாக வாசித்துப் பார்க்க வேண்டும். கட்டுகளில் ஆழமான பள்ளம் விழுந்திருந்தால் அராவிச் சமன் செய்ய வேண்டும், அல்லது புதிதாக அடிக்க வேண்டும். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேட்கலாம்.

சேடில் இன்னும் நகர இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முழுவதும் பின்னே போன பிறகும் பன்னிரண்டாவது கட்டில் சுருதி ஏறியே இருந்தால் குதிரையே தவறான இடத்தில் பதிக்கப்பட்டிருக்கலாம். அதைத் தொட வேண்டாம்.

தலைப்பகுதி கழுத்தோடு சேரும் இடத்தில் ஒட்டுப்போட்ட விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும்.

மற்றபடி துருப்பிடித்த கம்பி, உயரமான கம்பி, கரகரக்கும் வால்யூம் குமிழ், கோடு போட்டதுபோல் நிற்கும் சேடில்கள் ஆகியவற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. இவை விலையைக் குறைத்துக் கேட்க உதவும் குறைகளே.

மழைக்காலமும் கழுத்தும்

மும்பையில் கிடார் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றில் ஈரம் ஏறும். மரம் ஈரத்தை வாங்கும். மழை ஓய்ந்ததும் விடும். கழுத்தும் அதற்கேற்ப அசையும். மே மாதம் திருத்திய கிடார் ஆகஸ்டில் இரைந்தால் வியப்பு இல்லை. மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை கழுத்தின் சந்தை அளந்து பார்ப்பது வழக்கமாக வேண்டும். ஓதம் ஏறும் சுவரில் சாய்த்து வைக்காமல் உறையில் போட்டு உயரே வைத்தால் துருவும் குறையும்.

மூன்று மாலைகளில் தாராவி கிடாரின் வைத்தியம் முடிந்தது. ஆன செலவு ஒரு கட்டு கம்பியும் இரண்டு ஆலன் சாவிகளும்தான். நான்காம் நாள் பாடகர் குழுவின் ஒத்திகை. இளைஞர் பன்னிரண்டாவது கட்டில் ஆரம்பித்து வாசித்தார். கீபோர்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். குழுத் தலைவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பாட்டுக்குப் போகச் சொன்னார்.

வீட்டில் தாயார் கேட்டார்: "மூவாயிரத்துக்குக் கேட்டார்களே, அவர்களிடம் என்ன சொல்வது?"

"விற்பதாக இல்லை என்று சொல்லிவிடுங்கள் அம்மா" என்றார் மகன். சீட்டுக்கு இன்னும் நான்கு தவணை பாக்கி இருக்கிறது.